அம்பாசடர் மார்க் 2: முன் கிரில்லைக் கழற்றி மாட்டும் முறை

பழைய அம்பாசடரை முதன்முதலாகப் பிரிக்கத் துணிபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைக் கண்டுதான் தயங்குகிறார்கள். எனக்குத் தயக்கம் தருவது முன் கிரில், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கட்டம் போட்ட முகப்பு. அந்த 1489 சிசி எஞ்சின் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் என்று எதற்காக அலைந்தாலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ யாராவது ஒருவர் வழி சொல்லிவிடுவார். அம்பாசடரின் இரண்டாவது வடிவமான மார்க் 2 வண்டியின் நெருக்கமான சிறு கட்டங்கள் கொண்ட கிரில்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1975-இல் மார்க் 3 வந்தபோதே வண்டியின் முகம் மாறிவிட்டது. 1979-இல் வந்த மார்க் 4-இல் கிரில் சிறுத்து, கட்டங்கள் பெரிதாகிவிட்டன. 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது மார்க் 2-இன் முகம் மறைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதனால் இந்த வேலையைத் தொடங்கும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: போல்ட் போனால் போகட்டும், கிரில்லுக்கு ஒரு கீறலும் விழக்கூடாது. கழலாத ஒரு போல்ட்டைக் காப்பாற்றப் போய் கிரில்லின் காதைக் கிழித்தவன் நான். எங்கள் வீட்டு வண்டி சித்தப்பா வாங்கியது, 1967 மாடல். கீழ் வரிசையில் இடது ஓரப் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நெம்பினேன். போல்ட் அப்படியே நின்றது. அது மாட்டியிருந்த தகட்டுக் காது கிழிந்து, அதையொட்டிய இரண்டு கட்டங்கள் உள்வாங்கிவிட்டன. அதே மாதிரி இன்னொரு கிரில் கோவையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் வண்டி முன்பல் இல்லாமல் கொட்டகையில் நின்றதைப் பார்க்கவே மனம் கேட்கவில்லை.

முதல் நாள் மாலை: எண்ணெயும் படமும்

கழற்றுவது மட்டுமே இரண்டு நாள் வேலை. முதல் நாளில் எதையும் கழற்ற வேண்டாம். வண்டியை நிழலில், சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் எர்த் வயரை முதலில் எடுத்துவிடுங்கள். பார்க்கிங் லைட், ஹெட்லைட், ஹாரன் ஆகியவற்றின் வயர்கள் எல்லாம் கிரில்லின் பக்கத்திலேயே ஓடுகின்றன. பழைய வயரின் உறை வெடித்திருக்கும். ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும்.

பிறகு முன்புறம் முழுவதையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மண்ணோடு கழற்றினால் அந்த மண்ணே முலாமில் கோடு போடும். ஈரம் காய்ந்ததும் செல்போனில் படம் எடுங்கள்: நேராக, இரு பக்கச் சாய்வில், பானெட்டைத் திறந்து மேலிருந்து, பம்பருக்கு அடியிலிருந்து. ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாகவும் எடுங்கள். பானெட் மூடிய நிலையில் கிரில்லுக்கும் பானெட் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி ஒரு படம் கட்டாயம் வேண்டும். மாட்டும் நாளில் மிகுதியாகத் தேடப்போவது அந்தப் படத்தைத்தான்.

இனி போல்ட்டுகளை எண்ணுங்கள். மேல் வரிசை பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும். பக்கவாட்டில் உள்ளவற்றுக்கு டார்ச் வேண்டும். கீழ் வரிசைக்குப் படுத்துக்கொண்டு பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவ வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ டிங்கரிங் பட்டறைகளைப் பார்த்த வண்டி அது. கம்பெனி வைத்த இடத்தில் ஒன்று காணாமல் போயிருக்கலாம், வைக்காத இடத்தில் ஒன்று புதிதாக முளைத்திருக்கலாம். எங்கள் வண்டியில் ஒரு மூலையில் போல்ட்டுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம் என்று நினைத்து இழுக்கும்போது மறந்துபோன ஒரே ஒரு போல்ட்தான் கிரில்லை வளைத்துவிடும்.

எண்ணி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலும் துரு தளர்த்தும் எண்ணெயை விடுங்கள். மரை, அதாவது போல்ட்டின் திருகு வரி, வெளியே தெரியும் பக்கத்திலிருந்து விட்டால்தான் உள்ளே இறங்கும். மாலையில் ஒரு முறை, தூங்கப் போகும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவர், "தம்பி, இன்றைக்கு எண்ணெய் வேலை செய்யட்டும், நாளைக்கு நாம் வேலை செய்வோம்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனர் பெட்டியைப் பூட்டிவிடுவார். நமக்குக் கை துறுதுறுக்கும். அவர் திறக்கவே மாட்டார்.

காந்தம் சொல்லும் விவரம்

காத்திருக்கும் நேரத்தில் ஒரு சிறு காந்தத்தை எடுத்து, ஒவ்வொரு அலங்காரத் துண்டாக வைத்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்ததே போதும். அதைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் பளபளப்பது எல்லாம் ஒரே உலோகம் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி கைமாறிக் கைமாறி வந்திருந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு விதமாக இருக்கும்.

காந்தம் ஒட்டி, ஓரங்களில் செந்துருவும் தெரிந்தால் அது முலாம் பூசிய இரும்புத் தகடு. ஒட்டாமல், கைக்குக் கனமாக இருந்து, பின்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. இது மிக நல்லது, தைரியமாகக் கையாளலாம். ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம். மெல்லியதாக, வளைத்தால் ஸ்பிரிங் போல மீளும் பட்டை எவர்சில்வர். அதில் காந்தம் ஒட்டும் வகையும் உண்டு, ஒட்டாத வகையும் உண்டு. துருவே இல்லாத ஒரு பட்டையில் காந்தம் ஒட்டினால் குழம்ப வேண்டாம்.

அச்சம் தருவது துத்தநாக வார்ப்பு. மோனோகிராம் எனும் சின்னம், எழுத்துகள், சிறு அலங்காரத் துண்டுகள் இதில் வார்க்கப்பட்டிருக்கும். கனமாக இருக்கும், காந்தம் ஒட்டாது, முலாமுக்கு அடியில் கடுகு கடுகாகக் கொப்புளம் எழும்பியிருக்கும். இது வளையாது, உடையும். பின்னால் உள்ள ஊசி போன்ற கால்கள் வயதாக ஆக மண்ணாகப் பொடியும். சுமார் 400 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் இதன் அருகே கேஸ் டார்ச்சைக் கொண்டுபோகவே கூடாது. இரும்பாக இருந்தாலும் குரோமியத்தின் மேல் தீ பட்டால் நீலமும் மஞ்சளுமாகக் கறை ஏறும், பிறகு போகாது. கிரில் வேலையில் நெருப்புக்கு இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர் அளவு

அம்பாசடரின் மூதாதை இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் மாடல் வரிசை (சீரிஸ் 3). அந்தக் குடும்பத்து வண்டிகளின் போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. கால் அங்குல போல்ட்டுக்கு 7/16 அங்குல ஸ்பேனர் வேண்டும். இதை மில்லிமீட்டரில் சொன்னால் 11.1. உங்கள் பெட்டியில் உள்ள 11 எண் ஸ்பேனர், துருவும் பெயிண்டும் ஏறிய அந்தத் தலையில் நுழையாது. 12 எண் நுழையும், ஆனால் ஆறு மூலையையும் மழித்துவிடும். கிரில்லைப் பிரிக்கும்போது நேரும் சேதத்தில் பாதி இந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் வருவது. 7/16 அளவில் ஆறு மூலை சாக்கெட் ஒன்றும் ரிங் ஸ்பேனர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

மரையிலும் இதே வம்பு உண்டு. கால் அங்குல நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 28 மரைகள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டில் ஏறக்குறைய 25. அது பழைய நட்டுக்குள் எந்தத் தடையும் இல்லாமல் ஏறும். பொருந்திவிட்டது என்று தோன்றும். இறுக்கும்போது மரை வழுக்கி, நட்டும் வீணாகும். புதிய போல்ட் வாங்கப் போகும்போது பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதே சரி. மற்றபடி நல்ல முனையுள்ள திருப்புளிகள், நைலான் அல்லது மரச் சுத்தி, மாஸ்கிங் டேப், இரண்டு பழைய வேட்டிகள், மூங்கிலைச் சீவிய சில்லுகள் இருந்தால் போதும்.

கழற்றுதல்

ஹெட்லைட் வளையம், பானெட் விளிம்பு, பம்பரின் மேல்பகுதி என்று கிரில்லைச் சுற்றி உள்ள எல்லாப் பெயிண்ட் விளிம்புகளிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பம்பரின் மேல் வேட்டியை மடித்துப் போடுங்கள். ரேடியேட்டரின் முன்னால் ஓர் அட்டையைச் செருகிவிடுங்கள். கை வழுக்கினால் ஸ்பேனர் ரேடியேட்டரின் தகடுகளில் குத்தும்.

கீழ் வரிசையிலிருந்து தொடங்குங்கள். துரு மிகுதியாக இருப்பது அங்கேதான். மேல் வரிசை பிடித்திருக்கும் வரை கிரில் அசையாது, போல்ட்டும் சிரமமில்லாமல் கழலும். முதலில் தளர்த்தப் பார்க்காமல், இம்மியளவு இறுக்கும் பக்கமே திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சிறு ஓசை கேட்டால் துருவின் பிடி விட்டுவிட்டது என்று பொருள். பிறகு பின்னால் கால் சுற்று, மறுபடி முன்னால் அரைக்கால் சுற்று, இன்னும் கொஞ்சம் எண்ணெய். இப்படி முன்னும் பின்னுமாக மரையில் உள்ள துருத்தூளை வெளியே தள்ள வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் அந்தத் தூளே ஆப்பு போல் இறுகி, போல்ட் கழுத்தோடு முறியும்.

இரண்டு நாள் எண்ணெய்க்கும் அசையாத போல்ட்டை வெட்டிவிடுங்கள். நட்டுக்கும் கிரில்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய எவர்சில்வர் தகட்டைச் செருகுங்கள். ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, நட்டின் ஒரு முகத்தைச் சாய்வாக அறுங்கள். முழுவதும் அறுக்கத் தேவையில்லை. முக்கால்வாசி போனதும் உளி முனையை வைத்துத் திருகினால் நட்டு பிளந்துவிடும். அரை மணி நேரம் பிடிக்கும். நான் அன்றைக்கு அந்த அரை மணி நேரத்தைச் செலவழித்திருக்க வேண்டும்.

கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போட வேண்டாம். பெரிய அட்டை ஒன்றில் கிரில்லின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே துளையிட்டுக் குத்தி வையுங்கள். நட்டு, வாஷர் எல்லாம் அதனதன் போல்ட்டிலேயே இருக்கட்டும். நீளம் வெவ்வேறாக இருக்கும். நீளமானதைத் தவறான இடத்தில் போட்டால் பின்னால் எதையாவது குத்தும்.

மேல் வரிசையில் கடைசி இரண்டைத் தளர்த்தும்போது துணைக்கு ஆள் வேண்டும். ஒருவர் கிரில்லின் இரு முனைகளையும் ஏந்திக்கொள்ள, மற்றவர் கழற்றலாம். முன்பக்கமாகச் சற்றே சாய்த்து, வயர் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று உள்ளே பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். தாளில் எழுதிய எண்ணிக்கையை அட்டையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

அலங்காரப் பட்டை ஸ்பிரிங் கிளிப்பில் மாட்டியிருந்தால், மூங்கில் சில்லை ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராகச் செருகி, ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாகத் தூக்குங்கள். ஒரு முனையைப் பிடித்து உரித்தால் பட்டையில் விழும் முறிவை எந்தப் பாலிஷும் மறைக்காது. மோனோகிராமை முன்னாலிருந்து நெம்பவே கூடாது. பின்னால் அதன் கால்களில் சிறு நட்டோ, அழுத்தி மாட்டிய தகட்டு வில்லையோ இருக்கும். அதை எடுத்த பிறகு மோனோகிராம் விரலுக்கே வந்துவிடும்.

சுத்தம் செய்தல்

நம் வீடுகளில் பளபளப்பு என்றாலே கை புளிக்குப் போகும், இல்லாவிட்டால் விளக்கு துலக்கும் பொடிக்குப் போகும். இரண்டும் கிரில்லுக்கு ஆகாது. பொடி கீறும். புளியின் அமிலம் முலாமில் உள்ள நுண்துளைகள் வழியாக இறங்கி அடி உலோகத்தை அரிக்கும். கழிவறை ஆசிட் இன்னும் கொடியது. அது குரோமியத்தையே கரைத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். ஒவ்வொரு கட்டமாகத் தேய்த்து, உடனே துடைத்து, வெயிலில் காய வையுங்கள்.

குரோமியத்தின் மேல் படர்ந்த லேசான துருப்புள்ளிகளுக்கு நல்ல கைவைத்தியம் ஒன்று உண்டு. சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது என்பதால் கீறாது. சாம்பல் நிறக் குழம்பாகத் துரு கிளம்பும். துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். முலாம் உரிந்து குழி விழுந்த இடத்தில் இது செல்லாது.

முலாம் கொடுப்பதா?

பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் முலாம் பூசக் கொடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். கொஞ்சம் மங்கிய அசல் முகம், அளவுக்கு மீறித் தேய்த்துக் கட்டங்களின் கூர்மை போன புதுமுகத்தைவிட அழகு. முலாம் வேலையில் பெரும்பகுதி தேய்ப்புதான். குரோமியப் படலம் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. நாம் ரசிக்கும் பளபளப்பு அதற்கு அடியில் உள்ள நிக்கலுடையது. நிக்கலுக்கு அடியில் பெரும்பாலும் செம்பு இருக்கும். அடித்தளத்தில் உள்ள ஒவ்வொரு குழியும் கீறலும் மேலே அப்படியே தெரியும் என்பதால் பழைய முலாமை உரித்து, சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி (பஃபிங்), பிறகே முலாம் தொட்டியில் இறக்குவார்கள். நெருக்கமான கட்டங்களுக்குள் பஃபிங் சக்கரம் நுழையாது. வெளிவிளிம்பு மட்டும் மின்ன, உட்புறம் மங்கியே வரும். இதைக் கேட்டுத் தெளிந்த பிறகே கொடுங்கள்.

கொடுப்பதானால் துண்டுகளை எண்ணி, படமெடுத்து, ரசீதில் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். ஒரு பட்டறையில் எங்கள் பார்க்கிங் லைட் வளையம் ஒன்று தொட்டிக்குள் விழுந்து காணாமல் போனது. எழுதி வாங்காததால் பேச வழியில்லை. மரையுள்ள கால்களை மூடி முலாம் போடச் சொல்லுங்கள். மரையில் முலாம் ஏறினால் நட்டு பாதியில் இறுகி, காலே முறியும். வீட்டிலேயே குரோமியம் ஏற்றிப் பார்க்க வேண்டாம். அந்த அமிலக் கரைசலில் இருக்கும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு.

மாட்டுதல்

கிரில் வெளியே இருக்கும்போதே ரேடியேட்டரின் முன்னால் அடைந்த சருகு, பூச்சி, தூசியை மெல்லிய பிரஷால் எடுத்துவிடுங்கள். போல்ட் துளைகளைச் சுற்றித் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் கொடுங்கள். முழுவதும் காய ஒரு நாள் விடுங்கள்.

கிரில் உடலில் படும் ஒவ்வோர் இடத்திலும் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போடுங்கள். இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டு நின்றால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். கடற்கரை ஊர்களில் இது மிக விரைவு. டியூப் வாஷர் அதையும் தடுக்கும், கடகடவென்ற சத்தத்தையும் தடுக்கும். மரையில் ஒரு துளி கிரீஸ் தடவுங்கள்.

எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். ஒன்றைக்கூட இறுக்காதீர்கள். ஒரு மூலையை முதலில் இறுக்கினால் எதிர் மூலைத் துளை ஒத்து வராது. அதை இழுத்து வளைத்து மாட்டினால் ஒரு மாதத்தில் அங்கே விரிசல் விடும். எல்லாம் ஏறியதும் பானெட்டை மெதுவாக இறக்கி, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து இடைவெளியைப் பாருங்கள். ஒரே தடிமனுள்ள இரண்டு மரச்சில்லுகளை இரு பக்கமும் செருகினால் கண்ணுக்குத் தெரியாத சாய்வும் தெரியும். பத்தடி தள்ளி நின்று ஹெட்லைட் மட்டத்தையும் கிரில்லின் மேல்விளிம்பையும் ஒரு முறை பாருங்கள். சரி என்று மனம் சொன்ன பிறகு நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, இடம் ஒன்று வலம் ஒன்றாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். குட்டை ஸ்பேனர், இரண்டு விரல் பலம் போதும். ரப்பர் லேசாகப் பிதுங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மோனோகிராமின் கால்களுக்கு அதில் பாதி.

அட்டையை எடுத்தாயிற்றா, ஸ்பேனர்கள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகு பேட்டரியை இணைத்து, லைட்டுகளையும் ஹாரனையும் சோதியுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். ரப்பர் அமுங்கியிருக்கும், கால் சுற்று ஏறும். சத்தம் வந்தால் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளங்கையால் கிரில்லை இடம் இடமாக அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அங்கே இன்னொரு டியூப் துண்டு வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மாலை கட்டும்போது கம்பியால் கட்டாமல் நூலால் கட்டச் சொல்லுங்கள். கம்பி உராய்ந்த கோடுகள் எங்கள் பழைய கிரில்லின் நடுவே வரிசையாக இருந்தன. சந்தனமும் குங்குமமும் கட்டங்களின் மூலையில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மறுநாள் காலையில் அதே பிரஷால், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.